கன்னித்தீவின் அடிமைகள்: ‘ஆயிரத்தில் ஒருவன்’ நிலைத்ததன் காரணம்

பி. ஆர். பந்துலு இயக்கி 1965 ஜூலையில் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2014 மார்ச்சில் டிஜிட்டல் வடிவில் மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடியது. இந்த ஆயுளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எம்.ஜி.ஆர். என்ற நட்சத்திரமும், ஜெயலலிதாவுடன் அவர் முதன்முதலில் இணைந்த படம் இது என்பதும்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது போதாது. இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் 28, எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிய படங்களோ இன்னும் பல. அவற்றுள் இது தனித்து நிற்பதற்குக் காரணத்தைக் கதையமைப்பில்தான் தேட வேண்டும். சாகசத்தின் பலனை நாயகனுக்கு மட்டும் உரியதாக்காமல், அவனோடு விலங்கிடப்பட்ட கூட்டம் முழுவதற்கும் உரியதாக்கியதே இப்படத்தை நிலைக்கச் செய்தது என்பது என் வாதம்.

கதையின் எலும்புக்கூடு இரவல். ரஃபேல் சபாட்டினியின் 1922ஆம் ஆண்டு நாவலான ‘கேப்டன் பிளட்’, 1935இல் எரோல் ஃபிளின் நடிக்க ஹாலிவுட் படமானது. கலகக்காரர்களுக்குச் சிகிச்சை செய்த குற்றத்துக்காக அடிமையாக விற்கப்படும் மருத்துவன், தீவின் அதிகாரிக்கு உறவான பெண், கடற்கொள்ளை வாழ்க்கை எல்லாம் அங்கிருந்தே வந்தவை. அந்தக் கதையில் விடுதலைக்கு வழி திறப்பது இங்கிலாந்தின் அரச மாற்றம். ஜேம்ஸ் ஓடி வில்லியம் அரியணை ஏறியதும், பிளட்டின் பழைய குற்றம் குற்றமல்லாமல் போகிறது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ நடக்கும் கற்பனையான நெய்தல் நாட்டுக்கு அப்படிக் கைகொடுக்கும் வரலாறு கிடையாது. அந்த வெற்றிடத்தைப் பந்துலு பாட்டால் நிரப்புகிறார். கன்னித்தீவின் அடிமைகள் நடுவே நாயகன் மணிமாறன் பாடுவது ஆறுதல் அல்ல; ஏன் இப்படி இருக்கிறோம் என்று கேட்கப் பழக்கும் பாடம். பின்னர் கப்பல் தளத்தில் எழும் பாட்டில் டி. எம். சௌந்தரராஜனின் குரலோடு குழுவின் குரலும் சேர்கிறது. அந்தக் குழுவை நீக்கினால் எஞ்சுவது ஒரு வீரனின் தற்பெருமை மட்டுமே. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் கண்ணதாசனும் வாலியும் எழுதிய இப்பாடல்கள், படம் எந்தக் கொட்டகையிலும் ஓடாத ஆண்டுகளிலும் வானொலி வழியாகவும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வழியாகவும் ஒலித்தன. படம் பார்க்காதவருக்கும் அதன் சாரம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. காதல் காட்சிகளும் நாகேஷின் நகைச்சுவையும் இந்த வாதத்துக்கு உதவுவதில்லை. சில இடங்களில் படத்தை இழுக்கவே செய்கின்றன.

2014இல் ஜெயலலிதா முதலமைச்சர், மக்களவைத் தேர்தலும் நெருங்கியிருந்தது, ஆகவே அது கட்சிக்காரர்கள் ஓட்டிய படம் என்ற மறுப்பு எழலாம். முதல் சில வாரங்களின் கூட்டத்துக்கு அது விளக்கமாகலாம். தேர்தல் முடிந்த பிறகும் தொடர்ந்த ஓட்டத்துக்கு ஆகாது. இதே பந்துலு சிவாஜி கணேசனைக் கொண்டு எடுத்த ‘கர்ணன்’ (1964), ஆளுங்கட்சியின் சார்பு எதுவுமின்றி 2012இல் இதே முறையில் மறுவெளியீடு கண்டு வென்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வண்ணம், கடல், நம்பியாரின் சர்வாதிகாரி, மனோகரின் கொள்ளைக்காரன், வாள் சண்டை இவையே போதுமே. விடுதலைக் கருத்து எதற்கு? பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) இந்த மறுப்புக்கு ஆதரவாகவே தோன்றும். விடுதலையும் கப்பலும் வ. உ. சிதம்பரனாரும் இருந்தும், வெளியான காலத்தில் அது வசூலில் தோற்றது. கருத்து தனியாக நின்று கூட்டம் சேர்க்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் வேறொன்றும் புலப்படும். வ.உ.சி. சிறையில் இருந்தபோதே அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனியின் கைக்கே போனது. 1912இல் அவர் வெளியே வந்தபோது வரவேற்க நின்றவர்கள் சிலரே. வரலாறு பந்துலுவுக்குத் தந்தது தலைவனைக் கைவிட்ட ஜனக்கூட்டத்தை. நான்கு ஆண்டுகள் கழித்துக் கற்பனையின் துணையோடு மறுபடி கடலுக்குப் போனவர், கப்பலையும் கூட்டத்தையும் தலைவன் பக்கமே நிறுத்தினார். முன்பு வராத ரசிகர்கள் இதற்கு வந்தார்கள்.