பேய்ஸ் முறைக் கொத்தாய்வு

பேய்ஸ் முறைக் கொத்தாய்வு என்பது தரவுகளை ஒத்த இயல்புடைய கொத்துகளாகப் பிரிக்கும் புள்ளியியல் முறை. கொத்துகள் எத்தனை, எது எந்தக் கொத்தில் சேரும் என்ற இரண்டுக்கும் நிகழ்தகவாகவே இது விடை தருகிறது. தாமஸ் பேய்ஸின் பெயரால் 1763இல் வெளிவந்த தேற்றம் இதற்கு அடிப்படை.

தோற்றம்: நேப்பிள்ஸ் கடலில் கிடைத்த 1000 பெண் நண்டுகளை விலங்கியலாளர் வெல்டன் அளந்தார். அவற்றின் நெற்றி அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதம் ஒரே மணிவடிவ வளைகோட்டில் அடங்கவில்லை. கார்ல் பியர்சன் 1894இல் அதை இரண்டு இயல்நிலைப் பரவல்களின் கலவையாக விளக்கினார். இது பேய்ஸ் முறை அன்று. ஆனால் பின்வந்த கலவை மாதிரிகளுக்கு இதுவே வித்து.

வளர்ச்சி: கொத்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டிய கட்டாயத்தைத் தாமஸ் ஃபெர்குசன் 1973இல் முன்வைத்த டிரிக்லே செயல்முறை நீக்கியது. 1974இல் சார்லஸ் அன்டோனியாக் அதைக் கலவை மாதிரிகளுக்கு விரித்தார். டிரிக்லே செயல்முறையை விளக்க லெஸ்டர் டூபின்ஸும் ஜிம் பிட்மனும் தந்த உவமை ‘சீன உணவகம்’: இதில் மேசை என்பது கொத்து, வந்து அமர்பவர் என்பது ஒரு தரவு. ஒரு மேசையில் 4 பேர், மற்றொன்றில் 2 பேர் இருக்கிறார்கள் என்போம். புதுமேசைக்கான எடை 1 எனில், ஏழாவதாக வருபவர் முதல் மேசையில் அமர வாய்ப்பு 4/7, இரண்டாவதில் 2/7, புதுமேசையில் 1/7. ஆள் கூடக் கூட மேசையும் கூடும். கூட்டமுள்ள மேசைக்கே கூட்டம் சேரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெயராம் சேதுராமன், ஒவ்வொரு துண்டும் ஒரு கொத்தின் பங்காக அமையும்படி ஒரு குச்சியை ஒடித்து, மிஞ்சியதை மீண்டும் மீண்டும் ஒடித்துக்கொண்டே போவதாக இதே செயல்முறையை 1994இல் எளிமையாக அமைத்துக் காட்டினார்.

கணிப்பும் பயனும்: 1990களில், சமவாய்ப்பு மாதிரிகளைக் கொண்டு தோராயமாகக் கணிக்கும் மார்க்கோவ் சங்கிலி மான்டி கார்லோ முறைகளும் வேகமான கணினிகளும் இம்முறைக்கான கணிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2000இல் பிரிட்சார்ட், ஸ்டீபன்ஸ், டொன்னலி ஆகியோர் உருவாக்கிய ‘ஸ்ட்ரக்சர்’ மென்பொருள், மரபணுத் தரவைக் கொண்டு உயிரினங்களின் இனத்தொகைகளைப் பிரித்தறிய உதவியது.

வரம்புகள்: 82 விண்மீன் பேரடைகளின் வேகங்களைக் கொண்ட புகழ்பெற்ற தரவில் சிலர் 3 கொத்துகளையும் வேறு சிலர் 7 கொத்துகளையும் கண்டனர். முன்நிகழ்தகவு, அதாவது தரவைப் பார்க்கும் முன்பே கொள்ளும் நிகழ்தகவு, மாறினால் விடையும் மாறுகிறது. தரவு எவ்வளவு பெருகினாலும் டிரிக்லே கலவை உண்மையான எண்ணிக்கையில் நிலைகொள்ளாமல் போகலாம் என்று மில்லரும் ஹாரிசனும் 2013இல் நிறுவினர். ஆகவே ஒற்றை எண்ணை மட்டும் சொல்லாமல், அதன் உறுதி எவ்வளவு என்பதையும், எந்த முன்நிகழ்தகவிலிருந்து அது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே இம்முறையை நேர்மையாகக் கையாளும் வழி.