சிற்றரசர் (வியூக வீடியோ கேம்களில்)

சிற்றரசர் என்பது இடைக்கால வியூக வீடியோ கேம்களில் பேரரசருக்குக் கீழ்ப்பட்டு, தமக்கெனச் சிறு நிலப்பகுதியை ஆளும் பாத்திர வகை.

இயல்புகள்: மேலரசருக்கு வரியும் படையும் அளித்தல், மணவுறவு கொள்ளல், அதிருப்தி முற்றினால் அணி சேர்ந்து கிளர்தல்.

வரலாறு: ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'குருசேடர் கிங்ஸ் 2' இவ்வகையின் முதன்மை எடுத்துக்காட்டு. 2014-இல் வந்த 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கம் இந்தியாவையும் அதில் சேர்த்தது. 2022-இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் படையெடுப்புகள் இடம்பெற்றன. எனினும் அவ்விளையாட்டு சிற்றரசர் உறவுகளைவிடப் பொருளாதாரத்தையும் போரையுமே முதன்மைப்படுத்துகிறது.

சோழநாட்டு ஒப்புமை: காவிரிப் படுகையை ஆண்ட சோழரின் வரலாற்றில் மேற்கூறிய இயல்புகள் பல உள்ளன. பொ.ஆ. 850 அளவில், சிற்றரசனாயிருந்த சோழன் விசயாலயன் முத்தரையர் என்னும் மற்றொரு சிற்றரசர் குடியிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றினான். பழுவேட்டரையரும் கொடும்பாளூர் இருக்குவேளிரும் சோழர்க்குப் படைத்துணையாகவும் மணவழி உறவினராகவும் விளங்கினர். 13-ஆம் நூற்றாண்டில் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். அண்டை அரசரான போசளரின் படை தலையிட்டு மன்னனை மீட்டது.

முக்கியத்துவம்: பேரரசின் வலிமை தலைநகரில் மட்டுமன்றி, கீழ்நிலைத் தலைவர்களின் இணக்கத்திலும் தங்கியுள்ளது என்பதை இப்பாத்திரங்கள் ஆட்டவிதிகளின் வழியே உணர்த்துகின்றன.