திருகோணமலைத் தளமும் ஸ்டேர்லிங் வலயமும்

1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைக் கடற்படைத் தளம் சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியரிடமே இருந்தமையால், இலங்கை பெற்றது போலிச் சுதந்திரம் என்று இடதுசாரிகள் சாடினர். சோவியத் ஒன்றியமும் அதே ஐயத்தைக் கூறி ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் அனுமதியை 1955 வரை தடுத்து வந்தது. தளம் இருக்கும்வரை பிரித்தானியாவுடனான பிணைப்பும் இருக்கும், தளம் போனால் அதுவும் அறும் என்பதே அன்று பலரது கணிப்பாக இருந்தது.

1957 ஒக்டோபரில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு தளத்தைப் பொறுப்பேற்றபோது பிரித்தானியக் கொடி இறங்கியது. ஆயினும் இலங்கை பொதுநலவாயத்தை விட்டோ, பவுணை மையமாகக் கொண்டு உறுப்பு நாடுகள் தம் அந்நியச் செலாவணிக் கையிருப்பை இலண்டனில் வைத்திருந்த ஸ்டேர்லிங் வலயத்தை விட்டோ விலகவில்லை.

கொடியையும் கப்பலையும் பார்த்துக் கணித்தவர்கள் பணப்பெட்டியைக் கவனிக்கவில்லை என்றே கூறவேண்டும். 1949இலும் 1967இலும் பவுணின் மதிப்பு இறங்கியபோதெல்லாம் ரூபாயும் சேர்ந்தே சரிந்ததால், கையிருப்பை வேறு நாணயங்களுக்கு மாற்றும் எண்ணம் உறுப்பு நாடுகளிடையே வலுத்தது. இறுதியில் 1972 ஜூனில் பவுணை மிதக்கவிட்டு, மூலதனக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலான உறுப்பு நாடுகளுக்கும் விரித்து, அவ்வலயத்தைக் கலைத்தது இலண்டனேதான்; அதற்கு முந்தைய மாதம் குடியரசான இலங்கையோ பொதுநலவாயத்தில் தொடர்ந்து இருந்தது.