பளபளக்கும் பழைய போல்ட்!

பர்லியாறு தாண்டியதும் கார் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. குன்னூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினால், ''ஹெட் கேஸ்கெட் போச்சு சார்'' என்றார் மெக்கானிக். இரண்டு நாள் கழித்து பில் வந்தது. அதில் 'ஹெட் போல்ட் - 10' என்றொரு வரி!

கழற்றிய பழைய போல்ட்கள் பத்தும் மேஜை மேல் கிடந்தன. துரு இல்லை. மரை தேயவில்லை. நான் பி.காம்! தேய்மானமே தெரியாத சரக்கைத் தள்ளுபடி செய்ய மனசு வருமா? ''இதையே திருப்பிப் போட்டா என்னண்ணே?''

''போடலாம் சார். அடுத்த தடவையும் பர்லியாறுலேர்ந்து போன் பண்ணுவீங்க, பரவாயில்லையா?''

அவர் சொன்னது நியாயமா? கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம், வாருங்கள்.

ஒரு காலத்தில் போல்ட்டைத் தூக்கிப் போடுவது நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்பவர், 'மரையின் கோணம் 55 டிகிரி; இன்ன தடிமனுக்கு இத்தனை மரை' என்று ஒரே கணக்கைக் கொண்டுவந்தார். போல்ட், கடையில் வாங்கும் பொருளானது.

அடுத்த வருடமே ஒரு பயங்கரம். 1842, மே 8. வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் தீப்பிடித்தன. கதவுகளோ வெளியே பூட்டப்பட்டிருந்தன! ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய இரும்பு, இன்று ஏன் முறிந்தது?

பதிலைத் தேடிப் பல வருடம் உழைத்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே எஞ்சினீயர். அச்சுகளை ஆயிரக்கணக்கான முறை சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே அடியில் முறிக்கத் தேவையான பாரத்தைவிடக் குறைந்த பாரம்கூட, திரும்பத் திரும்ப ஏறினால் இரும்பை முறித்துவிடும் என்று கண்டுபிடித்தார். ஆம், இரும்புக்கும் அலுப்பு உண்டு!

போல்ட்டுக்கு வருவோம். முடுக்கும்போது அது கொஞ்சம் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களை இறுக்கிப் பிடிக்கிறது. அளவோடு நீண்டால், கழற்றியதும் பழையபடி சுருங்கிவிடும். மறுபடி போடலாம். இன்றைய பல கார்களில் ஹெட் போல்ட்டை வேண்டுமென்றே அந்த எல்லை தாண்டி முடுக்குகிறார்கள். எல்லா போல்ட்டும் ஒரே சீராகப் பிடிக்கும் என்பதற்காக. ஆனால், அது ஜட்டி எலாஸ்டிக் மாதிரி... அளவுக்கு மீறி இழுத்தால் பிறகு பழைய நீளத்துக்கு வராது. கண்ணுக்குப் புதுசு, உள்ளே தளர்ச்சி!

அதற்காக எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மரை நன்றாயிருக்கும் வீல் நட்டைத் தாராளமாகத் திரும்பப் போடலாம். எதை மாற்ற வேண்டும் என்பது கார் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், ஊட்டி ரயிலின் கூவல். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து. பல் தண்டவாளத்தைப் பற்சக்கரம் கவ்வ, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிறது. ஒரு பல் ஏமாற்றினால்..?

2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் இது. இதற்கு எஞ்சின் செய்து தந்த ஸ்விட்சர்லாந்து கம்பெனி, நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்திப் பல காலமாகிறது. அதனாலென்ன? பாகங்களை ரயில்வே பட்டறைகளே வார்த்துக் கடைந்தன. திருச்சி பொன்மலை பணிமனை, 2011-ல் ஆயிலில் ஓடும் முழுப் புது எஞ்சினையே செய்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது.

நூறு வயசு தாண்டிய ரயில் நம்மை நம்பி மலையேற வைப்பதன் ரகசியம் இதுதான். பழசைக் காப்பாற்றுவது என்றால் பழைய பாகத்தையெல்லாம் கட்டிக்கொண்டு அழுவதல்ல. எதைக் கைவிட வேண்டும் என்று தெரிந்திருப்பது.

அந்தப் பத்துப் பழைய போல்ட்களையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். காரில் மாட்ட இல்லை... மேஜையில் பேப்பர் வெயிட்!