பரண் இல்லாதவர்களின் பண்டிகை

பண்டிகைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பண்டிகை நாளைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த நாளின் மீதுதான் ஆர்வம். அலங்காரங்களை இறக்கிய பிறகு எதைக் குப்பையில் போட்டார்கள், எதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார்கள்? மலாயாத் தமிழர் விஷயத்தில், யாருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் இந்தக் கேள்வி காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கொலுவை எடுத்துக்கொள்வோம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அதன் பிறகுதான் மற்றவை பெட்டிக்குள் போகும். அதற்கென்று ஒரு முறை உண்டு. மண் பொம்மையை ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் கையோடு வந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். சுற்றுவதற்குப் பலமுறை துவைத்த பழைய வேட்டியே நல்லது. பலர் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. நாளாக நாளாக அது பழுப்பேறி அமிலமாகும், மையும் பொம்மை முகத்தில் ஒட்டும். கனமானவை அடியில், காகிதக்கூழ் பொம்மைகள் மேலே. மூக்கும் விரலும்தான் முதலில் உடையும், அதனால் அங்கே கொஞ்சம் கூடுதல் துணி. பூச்சிக்கு வசம்பும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும்.

விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ செய்த பொம்மை கப்பலேறி இங்கே வந்தது. ஆனால் அங்கே செல்லுபடியான பக்குவம் இங்கே முழுதாகச் செல்லாது. அங்கே மாதக்கணக்கில் வெயில் காயும். இங்கே வருஷம் பூரா காற்றில் ஈரம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். தகரக் கூரையை ஒட்டி வைத்தால் சூட்டில் வண்ணம் உரியும். சிமெண்டுத் தரையில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வைத்து, நடுவில் ஒருமுறை திறந்து காற்றாட விட வேண்டும். ஒரு வருஷம் பூட்டியே கிடக்கும் பெட்டியை இந்த ஊர் சும்மா விடாது.

இதையெல்லாம் செய்ய முதலில் ஒரு பரண் வேண்டும். அதற்கும் முன்னால், அடுத்த வருஷமும் இதே வீட்டில்தான் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். நகரத்தார் பினாங்கில் இடம் வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள். 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த அவர்களுடைய வெள்ளித் தேர் பினாங்குத் தெருவின் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்குக் கிளம்பி வந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தேர் நிலைப்பதற்குப் பக்தி மட்டும் போதாது. கதவு, கூரை, சாவி, மெருகேற்ற ஆள், கணக்கெழுத ஒரு நோட்டு எல்லாம் வேண்டும்.

தோட்டத்து லயத்தில் இது எதுவும் கிடையாது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பால்மரம் வெட்டி வளர்ந்த என் பெரியம்மாவிடம் தீபாவளி அலங்காரத்தை எங்கே எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டேன். "எடுத்து வைக்க என்னாய்யா இருந்துச்சு? ஓலயும் மாவிலையும்தான். மறுநாளு காஞ்சிரும், கூட்டித் தள்ளிருவோம்" என்றார். குருத்தோலையைக் கிழித்து மடித்துக் கிளி செய்யத் தெரியுமா என்று கேட்டதும் கை தானாக மடித்துக் காட்டியது. அவர்கள் சேமித்து வைத்தது அங்கேதான் இருந்தது.

பொருளாக எடுத்து வைத்ததெல்லாம் கோயிலில் இருந்தது. காவடிக் கட்டை, மயிலிறகு, சாமி உடுப்பு, உறுமி, கரகம். லயத்தில் ஆளுக்கொரு பரண் இல்லாததால் கோயிலின் ஓர் ஓரம் எல்லாருக்கும் பரண் ஆனது. சாவி பூசாரியிடமோ கோயில் தலைவரிடமோ இருக்கும்.

1957-க்குப் பிறகு வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்குவது அதன் திட்டம். ஆனாலும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஏராளமான தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகின. ஜனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். கோயில்களில் சில இடம் மாறின, சில உடைந்தன. அந்த ஓரத்தில் இருந்த பெட்டி யார் வீட்டுக்குப் போவது? என் மாமாவின் வீட்டில் ஒரு காவடி பிரித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தப்பட்டிருக்கிறது. மயிலிறகைப் பூச்சி அரிக்கும் என்று அத்தை அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தோட்டத்துக் காவடி, யார் செய்தது என்பது அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை. மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் மரபு என்று காட்சிக்கு வைப்பதில் பெரும்பகுதி, பரண் இருந்தவர்களின் மரபு. இல்லாதவர்கள் கொண்டாடவில்லை என்று அதற்குப் பொருளல்ல. அவர்களுடையது சருகாகவும் கைப்பழக்கமாகவும் இருந்தது, அவ்வளவுதான். கைப்பழக்கத்துக்கும் பெட்டியின் விதியேதான், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுக்க வேண்டும். இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணம் எத்தனை வருஷமும் மடங்கிக் கிடக்கும், ஆனால் எந்தக் கைக்கும் அது எதையும் கற்றுத் தராது.

அதனால் இந்த வருஷம் அலங்காரங்களை எடுத்து வைக்கும்போது இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. வீட்டில் ஓலை மடிக்கத் தெரிந்தவர் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிளியாவது மடித்துப் பழகுங்கள். பிறகு ஒரு சிறிய அட்டையில் பென்சிலால் (பேனா மை ஈரத்தில் பரவும்) பொருளின் பெயர், செய்தவர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அருங்காட்சியகத்தில் பொருள் வந்ததும் செய்கிற வேலை இது. கதவுக்குப் பின்னால் இருக்கும் காவடிக்கு அந்த அட்டையை நாம்தான் எழுத வேண்டும், தெரிந்தவர் இருக்கும்போதே.