மணமேளமும் உரிமையும்

கலியாணத்திற்கு எத்தனை கூட்டம் மேளம், மாலை வரவேற்பிற்குப் பாட்டுக் கச்சேரியா, பான்ட் வாத்தியமா, ஒலிபெருக்கி மாத்திரம் போதுமா என்று பெண்பகுதியாரும் மாப்பிள்ளைபகுதியாரும் கூடிப் பேசுவதை நாம் பணத்தைப் பற்றிய பேச்சாகவே கொள்ளுகின்றோம். ஓரளவிற்கு அது உண்மையே. ஆனால் மணவீட்டில் வாத்தியம் ஒலிக்கலாமா என்பதே, நம்மவரிற் பலருக்குப் பிறரது அனுமதியில் தங்கியிருந்த காலம் ஒன்றுண்டு. அக்காலம் மிகப் பழையதுமன்று.

பழந்தமிழர் மணத்தில் முதலிடம் பெற்றது தோற்கருவி. அகநானூற்றின் 136ஆம் பாட்டிற் காணும் மணமனையில் முழவும் பணையும் ஒலிக்கின்றன. ஒரு வீட்டிற் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே கேட்கும் உலகத்தைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டுக் காட்டுகின்றது. நாலடியாரோ மணப்பறை என்றே பேசுகின்றது. அதுவே பிணப்பறையாகவும் ஆகிவிடலாம் என்பது அந்நூல் காட்டும் நிலையாமை. பறை என்றதும் சாவீட்டையே நினைக்கும் பழக்கம் பிற்காலத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. கோவலன் கண்ணகி மணத்தில் முரசும் முருடும் சங்கும் முழங்கின. ஆண்டாள் கண்ட மணக்கனவில் மத்தளமும் சங்கும் ஒலித்தன. இன்று மங்கல வாத்தியம் என்றதும் நம் நினைவிற்கு வரும் நாகசுரம் இவற்றுள் எதிலும் இல்லை. தொன்றுதொட்டு வந்த மரபு என்று உரத்துப் பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இலக்கியம் ஒலியைச் சொல்லிற்று. அவ்வொலி யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைக் கல்வெட்டுச் சொல்லுகின்றது. கோநேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடன் கொங்குநாட்டுக் கருவூர்க் கோயிலிற் பொறிக்கப்பட்ட அரசாணையொன்று, அப்பகுதிக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகின்றது. தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு அவர்கள் இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீட்டிற்குச் சாந்து பூசலாம். அரசனின் கொடைத்திறத்திற்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உளர். நாமோ இதனை மறுபக்கமாகப் படிக்கின்றோம். அவ்வாணை பிறக்கும்வரை கம்மாளன் சங்கொலியின்றி மகளை மணஞ்செய்து கொடுத்தான், வெறுங்காலுடன் நடந்தான். கோயிலின் கல்லையும் செம்பையும் பொன்னையும் தெய்வ வடிவமாக்கிய கைகள் அவனுடையவை!

ஆணையால் வந்த உரிமைக்கு வீதியில் எதிர்ப்பு இருந்தது. சென்னைப்பட்டினத்தில் வலங்கையினரும் இடங்கையினரும் மோதிய 1707ஆம் ஆண்டுக் கலகத்திற்கு, யாருடைய மண ஊர்வலம் எவ்வீதியாற் செல்லலாம் என்ற பிணக்கே காரணமாயிற்று. அங்கிருந்த ஆங்கிலேய ஆளுநர் தோமஸ் பிற் இரு பகுதியாருக்கும் வெவ்வேறு குடியிருப்புகளை வகுத்து அமைதி தேடினார். வணிகம் தடைப்படாமை ஒன்றே கும்பினியாரின் கவலை. ஆதலின் பிளவு தீராது, நிலத்தில் எல்லைக்கோடாக நிலைத்தது.

யாழ்ப்பாணத்துக் கதையும் இதன் தொடர்ச்சியே. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வீட்டுச் சடங்குகளுக்கு மேளம் அமர்த்துதல், பெண்கள் மேற்சட்டையும் நகையும் அணிதல் ஆகியவை இங்கே வழக்கத்தின் பெயரால் தடுக்கப்பட்டிருந்தன. 1923இற் சுதுமலையில், ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றின் மரணச்சடங்கிற்குப் பறையடிப்போரை அமர்த்தியமைக்காக, அமர்த்தியோரும் அடிக்க வந்தோரும் தாக்கப்பட்டனர். சடங்கு நன்மையோ தீமையோ, ஆதிக்கம் உடையோரை உறுத்தியது ஒன்றே: நமக்குரிய ஒலி அவன் வாசலிற் கேட்பதா?

இனி, அவ்வொலியை எழுப்பியவர் நிலை யாது? இணுவிலும் அளவெட்டியும் நாகசுரத்திற்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) கைவைத்தால் தமிழகத்து வித்துவான்களும் வியந்து கேட்டனர். எனினும் மேளகாரர் வீட்டாரோடு சமமாக அமரக்கூடாதென்ற எண்ணம் கலையின் முன்னாலும் கரையவில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) இதனை எதிர்த்தே, வாய்ப்பாட்டு வித்துவானுக்குரிய மேடையும் மதிப்பும் தமக்கும் வேண்டுமென்று நின்றார். ஒத்தை விலக்கித் தம்புராவைச் சேர்த்துக்கொண்டார்; வீதிக்கேற்ற உச்சச் சுருதித் திமிரியை விடுத்து, நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டார். இதனைச் சங்கீத நுட்பமென்று மட்டும் எழுதுவோர் பாதியைத்தான் எழுதுகின்றனர். நின்றும் நடந்தும் ஊதியவன் இருந்து வாசிப்பதற்குரிய கருவி அது.

வரவேற்பின் ஒழுங்கை வகுப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது இதன்வழிப் பிறக்கின்றது. முகூர்த்த வேளையில் மேளத்திற்கு வேறு கடமை உண்டு. தாலி ஏறுகையில் எழும் கெட்டிமேளம் தும்மலையும் அழுகுரலையும் மறைப்பதற்கே. அங்கே இராகம் தேடுவாரில்லை. ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவியும் லாலிக்கு நீலாம்பரியும் சற்று இடம்பெறுகின்றன. வித்துவான் தன் வித்தையைக் காட்டத்தக்க பொழுது மாலை வரவேற்பே. அப்பொழுதைத்தான் சினிமாப் பாட்டு ஒலித்தட்டுக்கும், பின்னர் அதன் வழிவந்த கருவிகளுக்கும் நாம் கொடுத்துவிட்டோம். ஒரு மணிநேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி, மேளகாரரை மேடையில் இருத்தி, ஓர் இராகத்தை முழுமையாகக் கேட்டபின் விருந்தைத் தொடங்கினால் உணவு ஆறிப்போகாது. அவர்களும் அதே பந்தியில் இருந்து உண்ணட்டும்.

அழைப்பிதழ்களில் மாமன் மைத்துனர் பெயரும் பட்டமும் உத்தியோகமும் ஒன்று விடாமல் அச்சேறுகின்றன. மேளகாரரின் பெயர் அச்சான கலியாண அழைப்பிதழை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம்.