எட்டு மணிக் கோபக்காரர்

செய்தி சொல்பவருக்குக் கருத்து இருக்கலாம், ஆனால் அது வெளியே தெரியக் கூடாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெகுகாலம் இதுதான் எழுதப்படாத சட்டம். சி.பி.எஸ்.ஸின் வால்டர் கிராங்கைட், வியட்நாம் போர் இழுபறியில்தான் முடியும் என்று 1968 பிப்ரவரியில் ஒரு நாள் சொன்னார். அந்த ஒரு நாளை இன்றுவரை பேசுகிறார்கள்!

பில் ஓ'ரைலி அதைத் தினமும் செய்தார்.

1996 அக்டோபர் 7ம் தேதி ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நியூஸ் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது மாலை ஆறு மணி. அதிகம் பேர் பார்க்கவில்லை. 1998ல் எட்டு மணிக்கு மாற்றி, "ஓ'ரைலி ஃபாக்டர்" என்று பெயரையும் மாற்றினார்கள். கிளிண்டன் விவகாரம், 2000 தேர்தல் குழப்பம் என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். 2001ல் சி.என்.என்.னின் லாரி கிங்கை முந்தியவர், அடுத்த பதினைந்து வருஷத்துக்கு மேல் கேபிள் செய்தியில் முதலிடத்தை விடவில்லை.

அப்படி என்ன செய்தார்? முதலில் சில நிமிடம் தன் கருத்து. பேசப் பேச, முக்கிய வரிகள் திரையிலும் எழுத்தாக வரும். பிறகு எதிர்க்கருத்து உள்ளவரை அழைத்து வறுத்தெடுப்பது. கடைசியில் பார்வையாளர் கடிதம், அவரைத் திட்டி வந்ததையும் சேர்த்து. சண்டையில் யார் ஜெயிப்பார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்துதான் பார்த்தார்கள்.

காரணம், அவர் செய்தி சொல்லவில்லை, பக்கம் நின்றார். "உங்களுக்காகத்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். லாங் ஐலண்டில் லெவிட்டவுன் பக்கம் வளர்ந்தவர், அப்பா எண்ணெய்க் கம்பெனியில் கணக்காளர். படித்த மேல்தட்டு நம்மை மதிப்பதில்லை என்ற ஆற்றாமை நிறைய வீடுகளில் இருந்தது, அதற்கு இவர் வாய் கொடுத்தார். (இவரே ஹார்வர்டில் முதுகலை முடித்தவர், பல மில்லியன் சம்பளக்காரர் என்பது யாரையும் உறுத்தவில்லை!)

கணக்கும் இதற்குத் தோதாக இருந்தது. பெரிய நெட்வொர்க்குகளுக்கு எல்லோரும் வேண்டும், அதனால் யாரையும் பகைக்க முடியாது. கேபிள் சேனலுக்குச் சந்தாப் பணம், விளம்பரம் என்று இரண்டு வரும்படி. முப்பது கோடிப் பேர் நாட்டில் முப்பது லட்சம் பேர் விடாமல் வந்தால் ராஜா. வெளிநாட்டு நிருபர் படையும் வேண்டாம், ஒரு மேஜை, ஒரு கோபக்காரர் போதும்.

ஆனால் அந்தக் கோபம் யார் மேல் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். 2003 பிப்ரவரியில் ஒரு இளைஞர் வந்தார். அவருடைய அப்பா 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் இறந்தவர். மகனோ போருக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டவர். அவர் அசராமல் பதில் சொல்லச் சொல்ல, ஓ'ரைலி "வாயை மூடு" என்று கத்தி, கடைசியில் மைக்கையே அணைக்கச் சொன்னார். சாமானியருக்காகப் பேசுகிறவர், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சாமானியரின் பேச்சை நிறுத்தினார். கூட்டம் குறையவில்லை.

2004ல் அவருடைய பெண் தயாரிப்பாளர் ஒருவர் பாலியல் தொல்லை என்று வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிந்தது. அப்போதும் குறையவில்லை. 2017 ஏப்ரல் 1ம் தேதி நியூயார்க் டைம்ஸ், ஐந்து பெண்களுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் தரப்பட்டிருக்கிறது என்று எழுதியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். பார்வையாளர்கள்? முதலில் கூடவே செய்தார்கள்! போனது விளம்பரதாரர்கள்தான், ஐம்பதுக்கும் மேல். அதே ஏப்ரல் 19ம் தேதி ஃபாக்ஸ் அவரை அனுப்பிவிட்டது, அதுவும் பெருந்தொகை கொடுத்து.

அடுத்த திங்கட்கிழமை எட்டு மணிக்கு டக்கர் கார்ல்சன் உட்கார்ந்தார். 2023ல் அவரும் போனபின் அந்த நேரம் ஜெஸ்ஸி வாட்டர்ஸுக்குப் போனது. ஓ'ரைலி நிகழ்ச்சிக்காகத் தெருவில் மைக்கை நீட்டி ஆட்களை மடக்கிக்கொண்டிருந்த அதே பையன்தான்.